லால்பாக்கில் ஒரு கிழட்டுப் பாறை

பெங்களூரு லால்பாக் என்றால் எல்லோரும் பூவைத்தான் சொல்வார்கள். 1760-ல் ஹைதர் அலி தொடங்கிய தோட்டம், இப்போது சுமார் 240 ஏக்கர். கண்ணாடி மாளிகைக்கு 1889-ல் அடிக்கல் நட்டார்களாம். சுற்றுலாவில் அதையெல்லாம் பார்த்தோம். ஆனால் எனக்குப் பிடிச்சது அங்கே இருக்கிற பெரிய பாறைதான். அதன் மேல் கெம்பே கௌடா கோபுரம் நிற்கிறது.

பாறைக்கு வயது சுமார் 300 கோடி வருடம்! டைனோசர்கள் அழிந்தே ஆறரைக் கோடி வருடம்தான் ஆகிறது, கணக்குப் போட்டுப் பாருங்களேன். இந்த வகைப் பாறைக்கு 'நைஸ்' என்று பெயர். (தொட்டால் நைசா இருக்காது, சொரசொரன்னுதான் இருக்கும்.) பூமிக்கு அடியில் பழைய பாறை பயங்கர சூட்டிலும் அழுத்தத்திலும் மாட்டிக்கொள்ளும். அப்போது அதிலுள்ள தாதுக்கள் வெள்ளை தனியா, கறுப்பு தனியா பிரிந்து பட்டை பட்டையாக ஆகிவிடும். மேலே மூடியிருந்ததை மழையும் காற்றும் கோடிக்கணக்கான வருடம் அரித்த பிறகுதான் இப்படி வெளியே தெரிகிறது.

இதை தேசிய புவியியல் நினைவுச்சின்னமாக அறிவித்து வைத்திருக்கிறார்கள். உடைக்கக் கூடாது.

எங்கள் ஊர்க் குவாரியில் அம்மா ஜல்லி உடைக்கிறாங்க. அந்த ஜல்லியிலும் கறுப்பு வெள்ளைக் கோடு இருக்கு. காட்டி, "இதுக்கும் கோடிக்கணக்கில் வயசு இருக்கும்மா" என்றேன். "இருக்கட்டும்டி, சாயங்காலத்துக்குள்ள ஒரு லோடு ஆகணும்" என்றார்கள்.