சிறு வீட்டில் வெப்பமும் காற்றும்

டெல்லியிலும் அதையொட்டிய நொய்டா, காஜியாபாத் பகுதிகளிலும் அடுக்குமாடிக் குடியிருப்பில் சிறு வீடு வாங்க முனையும் வாடிக்கையாளர்கள் நம்மிடம் கேட்கும் வினாக்கள் பெரும்பாலும் வட்டி விகிதத்தையும் மாதத் தவணையையும் பற்றியவை. வெந்நீருக்கும் அறையின் கதகதப்புக்கும் என்ன வழி என்ற வினா, டிசம்பர் மாதத்தில் குழாய் நீரில் கை வைக்க இயலாத ஒரு காலை வேளையில்தான் எழுகிறது. அதற்குள் சுவர்கள் எழும்பி, மின்கம்பிகள் பதிக்கப்பட்டு, சாவியும் கைக்கு வந்திருக்கும். தென்னாட்டிலிருந்து பணி நிமித்தம் அங்குக் குடியேறுவோர்க்கு இது முற்றிலும் புதிய கவலை.

செலவு குறைவு என்று கருதிச் சிலர் எரிவாயு கீசரைக் குளியலறைக்குள்ளேயே பொருத்திவிடுகின்றனர். கரி அடுப்பாகிய அங்கீட்டியை மூடிய அறையில் வைத்து உறங்குவோரும் உளர். போதிய காற்றின்றி எரியும் எரிபொருள் கார்பன் மோனாக்சைடை வெளியிடுகிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. குருதியின் ஹீமோகுளோபினுடன் உயிர்வளியைக் காட்டிலும் 200 மடங்குக்கு மேல் இறுகப் பிணையும் வாயு அது. தலைசுற்றல் தோன்றும் வேளையில் எழுந்து கதவைத் திறக்கும் ஆற்றலே பலருக்கு இருப்பதில்லை. குளிர்காலந்தோறும் நாளேடுகளில் இத்தகைய சாவுகளைப் படிக்கிறோம். ஆதலால் சிறு வீடுகளுக்கு மின்சாரமே ஏற்றது என்பது நமது கருத்து. ஆனால் எந்த மின்கருவி என்பதில் கணக்குப் பார்த்தாக வேண்டும்.

வெந்நீரை முதலில் எடுத்துக்கொள்வோம். 15 லிட்டர் நீரை 15 டிகிரியிலிருந்து 45 டிகிரிக்குச் சூடாக்க ஏறத்தாழ அரை யூனிட் மின்சாரம் போதும். நால்வர் கொண்ட குடும்பம் ஆளுக்கு 15 லிட்டர் பயன்படுத்தினால் நாளுக்கு 2 யூனிட், மாதத்துக்கு 60 யூனிட் ஆகும். நட்சத்திரக் குறியீடு மிகுந்த கீசரில் தொட்டியின் வழியே வீணாகும் வெப்பம் குறைவு. இரவு முழுதும் சுவிட்சை அணைக்காமல் விடும் பழக்கமுள்ள வீடுகளில் அந்த வேறுபாடு பில்லில் தெரியும்.

அறை வெப்பந்தான் உண்மையில் பணத்தை விழுங்குவது. 2,000 வாட் ரூம் ஹீட்டர் நாளுக்கு 4 மணி நேரம் எரிந்தால் 8 யூனிட், மாதத்துக்கு 240 யூனிட். யூனிட்டுக்கு 7 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 1,680 ரூபாய். கம்பியைச் சூடாக்கும் எந்த ஹீட்டரும், விளம்பரம் எதுவாயினும், ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஒரு யூனிட் வெப்பமே தரும். குளிரும் வெப்பமும் தரும் இன்வெர்ட்டர் ஏசி வெளிக்காற்றிலிருந்து வெப்பத்தை உள்ளே கொணர்வதால், அதே வெப்பத்தை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மின்சாரத்தில் தந்துவிடும். மாதச் சேமிப்பு 1,100 ரூபாயை ஒட்டியிருக்கும். எனினும் வடநாட்டுச் சமவெளியில் கடுங்குளிர் இரண்டு, இரண்டரை மாதங்களே. அதற்காக மட்டும் ஏசி வாங்குவது தவணை கட்டும் குடும்பத்துக்குக் கட்டுபடியாகாது. கோடைக்கு ஏசி வாங்கத்தான் போகிறோம் என்னும் நிலையில், சற்றே கூடுதல் விலை கொடுத்து இரண்டும் தரும் வகையை வாங்குவது அறிவுடைமை. அல்லாதோர் ஹீட்டரையே வைத்துக்கொண்டு, ஓர் அறையில் மட்டும் பயன்படுத்தலாம்.

கீசரும் ஹீட்டரும் ஒரே வேளையில் இயங்கினால் 4 கிலோவாட். சிறு வீட்டின் மின் இணைப்புக்கு அனுமதிக்கப்பட்ட பளு அதற்கும் குறைவாக இருக்கக்கூடும். ஒப்பந்தத்தில் அந்த எண்ணைப் பாருங்கள். கீசருக்குத் தனி 16 ஆம்பியர் இணைப்பும் முறையான எர்த்தும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபியும் உண்டா என்று கேளுங்கள். ஈரக் கையோடு சுவிட்சைத் தொடும் இடம் அது.

மின்சாரத்துக்கு மாறிவிட்டால் காற்றோட்டத்தைப் பற்றிக் கவலை வேண்டாம் என்று நினைப்பது தவறு. சமையல் எரிவாயு அடுப்பு இருந்துகொண்டேதான் இருக்கும். குளிருக்கு அஞ்சிச் சன்னல்களை அடைத்துவிட்டால் நீராவி சுவரில் படிந்து பூஞ்சணம் பிடிக்கிறது. எக்ஸாஸ்ட் ஃபேன் மாட்டினால் மட்டும் போதாது. வெளியேறும் காற்றுக்கு ஈடாக உள்ளே வரும் காற்றுக்கு வழி வேண்டும். குளியலறைக் கதவின் அடியில் விரற்கடை இடைவெளியேனும் விட வேண்டும். பல குடியிருப்புகளில் ஃபேன் திறப்பது பொதுவான குழாய்ச் சந்தில். அது மேலே வானத்தை நோக்கித் திறந்திருக்க வேண்டும்; ஃபேனுக்குப் பின்காற்றைத் தடுக்கும் மடிப்புத் தகடும் வேண்டும். இல்லையேல் கீழ்வீட்டுத் தாளிப்பு மணம் மேல்வீட்டுக் குளியலறைக்கு வந்து சேரும்.

இந்தச் சந்தையே நல்வழியில் பயன்படுத்த இயலும் என்பதற்கு, கோடை வெயிலுக்குப் பெயர்பெற்ற ராஜ்கோட் நகரம் சான்று. பிரதம மந்திரி ஆவாஸ் யோஜனாவின் கீழ் அங்குக் கட்டப்பட்ட ஸ்மார்ட் கர் 3 என்னும் 1,176 வீடுகள் கொண்ட குடியிருப்பில், இந்திய-சுவிஸ் கூட்டுத் திட்டத்தின் உதவியுடன் வீடுகளுக்கிடையேயான சந்தின் உச்சியில் ஃபேன் அமைத்து அறைக்காற்றை இழுக்கும் முறை வகுக்கப்பட்டது. சுவர்களுக்கு இலகுவான ஏஏசி கற்கள். முழுதும் திறக்கும் சன்னல்கள். வீட்டுக்கு வீடு தனிக்கருவி வாங்காமல், கட்டடமே காற்றைத் தருகிறது.

2018-இல் வெளியான எக்கோ நிவாஸ் சம்ஹிதா என்னும் மத்திய விதித்தொகுப்பு, டெல்லி போன்ற கலப்புத் தட்பவெப்பப் பகுதிகளுக்கு வீட்டுப் பரப்பில் குறைந்தது 12.5 விழுக்காடு திறக்கத்தக்க பரப்பாக இருக்க வேண்டும் என்கிறது. 30 சதுர மீட்டர் வீட்டுக்கு அது 3.75 சதுர மீட்டர். மாநில விதிகளில் சேர்ந்த இடங்களிலேயே இது கட்டாயம். எனினும் அளந்து பார்ப்பதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை. நகரும் சன்னல் பாதியே திறக்கும் என்பதை மட்டும் நினைவிற்கொள்ளுங்கள்.

கட்டுமானத்தில் இருக்கும் வீடாயின் கடன் தொகை கட்டங்கட்டமாகவே விடுவிக்கப்படும். சுவர்ப்பூச்சு தொடங்குமுன் ஒருமுறை நேரில் சென்று, கீசர் இணைப்பின் கம்பித் தடத்தையும் ஃபேன் துளையையும் பார்த்துவிடுங்கள். அதுவரை மாற்றச் செலவு ஒரு தச்சரின், ஒரு மின்பணியாளரின் அரைநாள் கூலிதான். பூச்சுக்குப் பின் சுவரை இடிக்க வேண்டும்.