கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம்

2009இல் போர் முடிந்த பிறகு வன்னியில் வீடுகள் மறுபடி எழும்பத் தொடங்கியபோது, அவற்றோடு சேர்ந்து பெருகிய தொழில்களில் ஒன்று இரும்பு ஒட்டும் வேலை. கேற், யன்னல் கிறில், உழவு இயந்திரப் பெட்டி என்று வேலைக்குக் குறைவில்லை. ஏ9 வீதியோரப் பட்டறைகளில் முகத்தைக் காக்க இரண்டு விதமான ஏற்பாடுகளைக் காணலாம். ஒன்று, கறுப்புக் கண்ணாடி பதித்த கைக்கவசம். மற்றது, சந்தையில் வாங்கிய சாதாரண வெயில் கண்ணாடி. இரண்டாவதை மாட்டிக்கொண்டு வேலை செய்பவரும் தான் பாதுகாப்பாக இருப்பதாகவே நம்புகிறார். கறுப்பாக இருந்தால் கண்ணுக்குக் காவல் என்பது அந்த நம்பிக்கை. அது தவறு. கண்ணைக் கூசவைக்கும் வெளிச்சம் வேறு, கண்ணைக் கெடுக்கும் வெளிச்சம் வேறு. கெடுப்பது பெரும்பாலும் கண்ணுக்கே தெரியாது.

இதை விளங்கிக்கொள்ள, வன்னியில் இன்று இல்லாத ஒரு தொழிலைப் பார்ப்பது நல்லது. தீச்சுடரில் கண்ணாடிக் கோலை உருக்கி மணியும் குழாயும் செய்யும் தொழில் அது. கண்ணாடி மணி இந்தப் பக்கத்துக்குப் புதிதல்ல. மன்னாருக்கு அருகே மாந்தையில் 1980களில் ஜோன் கார்ஸ்வெல் குழுவினர் அகழ்ந்தபோது பழைய கண்ணாடி மணிகள் ஏராளமாகக் கிடைத்தன. சுடரில் மணி செய்யும் வேலை வாரணாசியில் இன்றும் நடக்கிறது. கண்ணாடி சூடேறியதும் சுடர் பளீரென்று மஞ்சளாகிவிடும். கண்ணாடியில் உள்ள சோடியம் செய்யும் வேலை இது. ஆனையிறவு உப்பில் ஒரு சிட்டிகையை எரிவாயு அடுப்பின் நீலச் சுடரில் தூவினால் அதே மஞ்சளைப் பார்க்கலாம். அந்த ஒளி ஏறத்தாழ 589 நானோமீற்றர் அலைநீளத்தில், மிகக் குறுகிய ஒரு பட்டையில் நிற்கிறது. அதனால் அதை மட்டும் தனியே வடிகட்டிவிட முடிகிறது. டிடிமியம் என்ற அருமண் கலவை சேர்த்த கண்ணாடி அதைத்தான் செய்கிறது. பார்வைக்கு இளம் ஊதா கலந்த ரோஜா நிறம். மூக்கில் மாட்டினால் உலகம் ஏறக்குறைய முன்போலவே தெரியும், சுடரின் மஞ்சள் மட்டும் மறைந்துபோகும். அதற்குப் பின்னால் கண்ணாடி எங்கே இளகுகிறது, எங்கே தொய்கிறது என்பதெல்லாம் துலக்கமாகத் தெரியும்.

இங்கேதான் ஒரு பொறி இருக்கிறது. கூச்சம் போய்விட்டதால் ஆபத்தும் போய்விட்டது என்று தோன்றும். உண்மையில் அந்த மஞ்சள் கண்ணுக்குப் பெரிய கெடுதி செய்வதில்லை, வேலையைத்தான் மறைக்கிறது. கெடுப்பது உருகிய கண்ணாடி வீசும் அகச்சிவப்புக் கதிர், அதாவது வெப்பம். டிடிமியம் அதை அவ்வளவாகத் தடுக்காது. சோடாக் கண்ணாடியில் சிறு மணிகள் செய்பவருக்கு அது பெரும்பாலும் போதும். ஆய்வுகூடக் குடுவைகள் செய்யும் போரோசிலிக்கேற்றுக்கு இன்னும் கடுமையான சூடு வேண்டும். உருகும் இடம் வெள்ளையாய்த் தகிக்கும். அதனால் அந்த வேலைக்காரர்கள் வெல்டிங்குக்கான பச்சைக் கண்ணாடியையும் சேர்த்தே பாவிக்கிறார்கள்.

வெப்பம் கண்ணை என்ன செய்யும் என்பதற்கு நூறாண்டு பழைய சான்று உண்டு. இங்கிலாந்தின் போத்தல் தொழிற்சாலைகளில் ஆண்டுக்கணக்கில் உலையைப் பார்த்து நின்றவர்களுக்குக் கண்புரை வந்தது. 1908இல் இதை ஆராய ரோயல் சொசைற்றி ஒரு குழுவை அமைத்தது. அதில் இருந்த வேதியியலாளர் வில்லியம் குரூக்ஸ், கண்ணாடியில் விதவிதமான உலோக உப்புகளைக் கலந்து நூற்றுக்கணக்கான மாதிரிகளைச் சோதித்து 1914இல் முடிவுகளை வெளியிட்டார். அவர் தேடியது இருட்டை அல்ல. வெளிச்சத்தை முடிந்தவரை உள்ளே விட்டு, வெப்பத்தையும் புற ஊதாக் கதிரையும் வெளியே நிறுத்தும் கண்ணாடியைத்தான். அவருடைய இளம்பச்சைக் கண்ணாடிகள் சில, வெப்பத்தின் பெரும் பங்கைத் தடுத்தும் பார்வையை மறைக்கவில்லை. புரை விழும் கண்வில்லைக்கு இரத்தக் குழாய் இல்லை, ஏறிய சூட்டை அள்ளிக்கொண்டு போக வழியில்லை. நரம்பும் இல்லை, எனவே சுடுகிறது என்று அது சொல்லாது. சொல்லக்கூடியது கன்னம்தான். சுடருக்கு முன்னால் கன்னம் சுட்டால், அதே கதிர் கண்ணுக்குள்ளும் போய்க்கொண்டிருக்கிறது. முகத்தைப் பின்னுக்கு எடுப்பது செலவில்லாத முதல் பாதுகாப்பு. தூரம் இரட்டிப்பானால் வந்து சேரும் வெப்பம் ஏறத்தாழக் கால்வாசியாகிவிடும்.

நம் பட்டறைகளின் மின் வெல்டிங்கில் வில்லன் வேறு. மின்பொறி கொட்டும் புற ஊதாக் கதிர் கருவிழியின் மேற்தோலைச் சுடுகிறது. அது அந்த நேரம் வலிக்காது என்பதுதான் கொடுமை. வேலை முடிந்து, சாப்பிட்டுப் படுத்தபின், நடுச்சாமத்தில் கண்ணுக்குள் மணலை அள்ளிக் கொட்டியதுபோல் எரியும். உருளைக்கிழங்கை வெட்டி வைப்பதும் தாய்ப்பால் விடுவதும் கைவைத்தியம். ஓரிரு நாளில் மேற்தோல் தானாக ஆறிவிடுவதால் பெயர் கிழங்குக்குப் போகிறது. தாய்ப்பாலோடு கிருமியும் போனால் புண் வேறு விதமாகிவிடும், அந்த இரவில் போகவேண்டிய இடம் வைத்தியசாலை. மலிவான வெயில் கண்ணாடி இங்கே இரட்டைத் துரோகம் செய்யக்கூடும். இருட்டில் கண்மணி விரியும். கண்ணாடியில் புற ஊதாத் தடுப்பு இல்லையென்றால், விரிந்த வாசல் வழியே கதிர் தாராளமாக நுழையும். நிறமே இல்லாத பொலிகார்பனேற் மூக்குக்கண்ணாடியோ அந்தக் கதிரை ஏறக்குறைய முழுவதும் தடுத்துவிடும். கறுப்புக்கும் காவலுக்கும் தொடர்பில்லை என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்? ஆனால் பொறியின் பிரகாசத்தையும் குறைக்கவேண்டும் என்பதால், வெள்ளைக் கண்ணாடி மட்டும் வெல்டிங்குக்குப் போதாது. எரிவாயுச் சுடருக்கு 4 முதல் 6 வரையும், மின் வெல்டிங்குக்கு 10, 11 என்றும் கறுமை இலக்கம் குறித்த கண்ணாடி வேண்டும்.

“பத்தர் எழுபது வயது வரை வெறுங்கண்ணோடு நகை ஒட்டினாரே” என்று ஒருவர் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்வி. பத்தர் சூடேற்றுவது கடுகளவு பொன்னை, சில விநாடிக்கு. வெண்காரத்தில் சோடியம் இருப்பதால் அவருடைய சுடரும் மஞ்சளாகும், ஆனால் மஞ்சள் பெரிய குற்றவாளி அல்ல என்று பார்த்தோம். உலையின் முன் நாள்முழுதும் நின்றவரின் கணக்கோடு அவருடைய கணக்கை ஒப்பிட முடியாது. தவிர, எழுபது வயதில் புரை விழுந்தால் அதை முதுமை என்று சொல்லிவிடுகிறோம். சுடருக்கு அதில் பங்கு உண்டா என்று யாரும் கேட்பதில்லை.

இன்னொரு மறுப்பு வெயில். பங்குனி, சித்திரை வெயிலில் தகரக் கூரைக்குக் கீழ் கவசத்தை மாட்டிக்கொண்டு நிற்பது தண்டனைதான். இதைவிட வலுவான மறுப்பு, கண்ணாடிக்குப் பின்னால் ஒன்றும் தெரியவில்லை என்பது. கேற்றின் நான்கு மூலையையும் பொட்டுப் பொட்டாகப் பிடித்துவைக்கும் கட்டத்தைக் கவனித்தால் இது விளங்கும். ஒரு கையில் சட்டம், மறுகையில் ரொட், கவசம் பிடிக்க மூன்றாவது கை இல்லை. இடத்தைப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடி முகத்தைத் திருப்பி ஒரு தட்டு. கண் மூடுமுன் பொறி பறந்துவிடும்; மூடினாலும் கழுத்தும் கன்னமும் வெயில் சுட்டதுபோல் சிவக்கும். இதைச் சோம்பல் என்று திட்டுவது நியாயமல்ல, கருவியின் குறை அது. பொறி விழுந்த கணத்தில் தானாகக் கறுக்கும் தலைக்கவசம் இந்தக் குறைக்காகத்தான் வந்தது. அது கறுக்காத நிலையிலும் புற ஊதாவையும் அகச்சிவப்பையும் வடிகட்டியபடியே இருக்கும். விலை கூடத்தான். சிறு பட்டறைக்கு அது முடியாவிட்டால், தலையில் மாட்டும் சாதாரண கவசமும் உள்ளே ஒரு பொலிகார்பனேற் கண்ணாடியும் போட்டுக்கொண்டால், கவசம் தூக்கியிருக்கும் கணத்துக்கும் ஓரளவு காப்பு இருக்கும்.

எல்லா மறுப்புகளிலும் பேசப்படாத ஆள் ஒருவர் இருக்கிறார். சட்டத்தைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்கும் பொடியன். ஒட்டுபவரிடமாவது கைக்கவசம் உண்டு, அவனிடம் அதுவும் இல்லை. சுவரில் பட்டுத் திரும்பும் கதிரும் அவன் கண்ணுக்குத்தான் போகிறது. பட்டறைக்கு இரண்டாவது கவசம் வாங்குவதென்றால் அதை அவனுக்கு வாங்கலாம்.