விலைக்கு வாங்கிய வாசகர்கள்

இணையத்தில் எழுதுகிற நம் பிள்ளைகள் சிலர் என்னிடம் கேட்பதுண்டு: "காசு கொடுத்து ஆயிரம் பின்தொடர்பவர்களைச் சேர்த்தால் யாருக்கு என்ன நஷ்டம்?" பொதுக்கூட்டத்துக்கு லாரியில் ஆள் கொண்டுவருவதைப் பார்த்தே வளர்ந்தவர்கள் நாம். கேள்வி நியாயம்போலத்தான் படும். ஆனால் லாரியில் வந்தவர் நிஜ மனிதர், கூலியும் வாங்கினவர். இங்கே?

அமெரிக்காவில் டெவுமி என்றொரு நிறுவனம் இந்த வியாபாரம் நடத்தியது. 2018 ஜனவரியில் நியூயார்க் டைம்ஸ் அதைத் துருவி எழுதியது. சுமார் 35 லட்சம் போலிக் கணக்குகளை வைத்துக்கொண்டு, அன்றைய ட்விட்டரில் 20 கோடிக்கு மேல் பின்தொடர்பவர்களை விற்றிருக்கிறார்கள். வகுத்துப் பாருங்கள், ஒரே போலி சராசரியாக 57 தடவை விற்பனை! அதுகூடப் போகட்டும். குறைந்தது 55,000 கணக்குகள் நிஜ ஆட்களின் பெயர், படம், ஊர் எல்லாவற்றையும் நகலெடுத்தவை. வயது வராத பிள்ளைகளும் அதில் அடக்கம். யார் வீட்டுப் பெண்ணின் முகம் தன் 'வாசகி'யாக நிற்கிறது என்று வாங்கின எழுத்தாளருக்கே தெரியாது. அந்தப் பெண்ணுக்கும் தெரியாது.

2019-ல் அந்நாட்டு மத்திய வர்த்தக ஆணையம் டெவுமி மீது நடவடிக்கை எடுத்தது. அப்போது மாட்டியது விற்றவர்தான். 2024-ல் ஆணையம் கொண்டுவந்த விதியோ, செல்வாக்கைப் பெரிதாகக் காட்டிப் பிழைக்க, போலி என்று தெரிந்தே வாங்குகிறவரையும் சேர்த்துப் பிடிக்கிறது.