பாதிப் பிள்ளையார் வந்தால் மழை

எங்கள் வீட்டுப் பரணில் பத்து வருடத்துக் கல்யாணப் பத்திரிகைகள் கிடக்கின்றன. எல்லாவற்றிலும் சாமி படம் இருப்பதால் தூக்கிப்போட அம்மாவுக்கு மனம் வராது. போன கோடை விடுமுறையில் அதிலிருந்து ஒரு கட்டை இறக்கி, நறுக்கி, எழுத்தில்லாத பக்கத்தில் ஸ்கெட்ச் பேனாவால் எழுதி நாற்பது சீட்டு செய்தேன். விளையாட்டின் பெயர் 'சந்தை'. தக்காளி, வெங்காயம், கத்திரிக்காய் ஒவ்வொன்றிலும் பன்னிரண்டு. மழை நான்கு. ஒரே காய் மூன்று சேர்ந்தால் விற்று ஐந்து புளியங்கொட்டை வாங்கிக்கொள்ளலாம். ஒற்றையாகத் தள்ளினால் ஒரு கொட்டைதான். பத்துக் கொட்டைக்கு ஒரு கடை. கடை உள்ளவருக்கு ஒவ்வொரு முறையும் ஒரு சீட்டு கூடுதல். மழைச் சீட்டை யார் எடுத்தாலும் எல்லார் கைத் தக்காளியும் அழுகிப்போகும்.

இரண்டு ஆட்டம் ஆடினோம். இரண்டிலும் ஏழாம் வகுப்பு படிக்கும் அக்கா மகள்தான் ஜெயித்தாள். மழை வருவதற்குச் சற்று முன்னால் அவள் மட்டும் தக்காளியைக் கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்டு உட்கார்ந்திருந்தாள்.

"எப்படிடி உனக்கு மட்டும் தெரியுது?"

"பாதிப் பிள்ளையார் வந்தா மழை, சித்தி."

கட்டைத் திருப்பிப் பார்த்தேன். கடைசியாக நறுக்கிய பத்திரிகையில் பிள்ளையார் நடுவில் இருந்திருக்கிறார். இரண்டு துண்டில் பாதி பாதியாகப் போய்விட்டார். அந்த இரண்டிலும் மழை என்று எழுதித் தொலைத்திருக்கிறேன்.

அம்மாவின் குறை வேறு. அவர் பழுத்த ரம்மிக்காரர். சீட்டை விசிறியாக விரித்துப் பிடித்தவர், "நடுவுல எழுதி வச்சிருக்கியே, விரிச்சா என்னடி தெரியும்?" என்றார். நாம் ஆடும் சீட்டுக்கட்டில் மூலையில் எண்ணும் ஜாதிக்குறியும் போடும் வழக்கமே 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில்தான் பரவியது. நானூறு ஆண்டுகளுக்கு மேல் ஐரோப்பாவில் சீட்டாடியவர்கள் அது இல்லாமலே சமாளித்திருக்கிறார்கள். அம்மாவுக்கு அது ஒரு நிமிடத்தில் உறைத்துவிட்டது.

புது விளையாட்டு செய்கிறவர்கள் முதல் மாதிரியை வேண்டுமென்றே அவலட்சணமாகத்தான் வைத்துக்கொள்கிறார்கள். அழகாக வரைந்துவிட்டால் கிழித்துப்போடக் கை வராது. ஒரு பழைய சீட்டை பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, அதன் முன்னால் பென்சிலால் எழுதிய துண்டுக் காகிதத்தைச் செருகினால் போதும். விதி மாறினால் காகிதத்தை மட்டும் மாற்றலாம். முதுகும் எல்லாவற்றுக்கும் ஒன்றாக இருக்கும். பிள்ளையார் காட்டிக்கொடுக்க மாட்டார்.

உலகம் முழுக்க ஆடப்படும் 'மேஜிக்: தி கேதரிங்' இப்படி ஒட்டுவேலையாகத் தொடங்கியதுதான். அதை உருவாக்கிய ரிச்சர்ட் கார்ஃபீல்ட் அப்போது அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தார். அவருடைய துறை, நாம் பதினொன்றாம் வகுப்பில் 'சேர்மானம்' என்று தொட்டுப் பார்த்துவிட்டு ஓடி வந்தோமே, அந்தக் கணிதம். முதல் மாதிரியில் 120 சீட்டு. குலுக்கி இரண்டு பேரும் பங்கு போட்டுக்கொள்வார்கள். மாதிரிச் சீட்டுகளில் போட, பழைய காமிக்ஸிலும் பத்திரிகைகளிலும் அகப்பட்ட படங்களே போதுமானதாக இருந்தன. வெறிபிடித்துத் தாக்கும் சீட்டில், சினிமாவில் நடனமாடும் ஜான் டிரவோல்டா. ஒரு நாள் இரவு பத்து மணிக்கு, வானியல் துறையின் ஜன்னல் இல்லாத அறையில் நண்பரோடு ஆட உட்கார்ந்தாராம். விடிகாலை மூன்று மணி இருக்கும் என்று நினைத்து வெளியே வந்தால் சூரியன் உதித்திருந்தது.

என் 'சந்தை'க்கு அப்படியொரு யோகம் இல்லை. மூன்றாவது ஆட்டத்தில் மழையே வரவில்லை. தக்காளி வைத்திருந்தவர் கொழித்தார். அடுத்த ஆட்டத்தில் தொடக்கத்திலேயே இரண்டு மழை. அக்கா மகன், "சரியாவே குலுக்கல" என்று என்னைப் பிடித்துக்கொண்டான். குலுக்கியது சரிதான், பிசகியது என் எதிர்பார்ப்பு. நாற்பதில் நான்கு மழை என்றால் பத்துக்கு ஒன்று என்று மனம் கணக்குப் போட்டுவிடுகிறது. உண்மையில், முதல் பத்துச் சீட்டில் ஒரு மழைகூட வராமல் போக 30 சதவீத வாய்ப்பு இருக்கிறது. இரண்டோ அதற்கு மேலோ வந்துவிட ஏறக்குறைய 26 சதவீதம். மனம் எதிர்பார்க்கிற அந்தச் 'சரியாக ஒன்று' வருவது 44 சதவீதம்தான். தற்செயல் என்பது சீராகத் தூவிய கோலமாவு அல்ல. அங்கங்கே கொட்டிக் கிடக்கும், அங்கங்கே வெறுமையாக இருக்கும்.

இதற்கு ஓர் அழகான வைத்தியம் மேட் லீகாக் 2008இல் வெளியிட்ட 'பேண்டமிக்' விளையாட்டில் இருக்கிறது. ஆட்டக்காரர்கள் ஒன்றுசேர்ந்து உலகளாவிய கொள்ளைநோய்களை அடக்கும் ஆட்டம் அது. நோய் வெடிக்கும் சீட்டுகளை மொத்தக் கட்டில் கலப்பதில்லை. கட்டைச் சம குவியல்களாகப் பிரித்து, குவியலுக்கு ஒன்றாகப் போட்டு, தனித்தனியே குலுக்கி, பிறகு ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கவேண்டும். எப்போது வரும் என்று தெரியாது. ஆனால் ஒவ்வொரு பகுதியிலும் வந்தே தீரும். வெடிக்கும்போது இன்னொரு வேலையும் நடக்கும். அதுவரை எடுத்துப் போட்ட நகரச் சீட்டுகளைக் குலுக்கி மறுபடியும் அவற்றுக்கான தனிக் கட்டின் மேலேயே வைக்கவேண்டும். நோய் கண்ட ஊர்களே திரும்பத் திரும்ப வரும். ஒரு சமன்பாடும் எழுதாமல், குலுக்கும் முறையை மட்டும் மாற்றியே கொள்ளைநோயின் குணத்தைச் சீட்டுக்கட்டுக்குள் கொண்டுவந்துவிட்டார். எனக்கு இதைவிடப் பிடித்த விளையாட்டு விதி இல்லை.

குவியல் வித்தையை அப்படியே எடுத்துக்கொண்டேன். பத்துப் பத்தாக நான்கு குவியல், ஒவ்வொன்றிலும் ஒரு மழை. நிம்மதியாக உட்கார்ந்தேன். ஏழாவது சீட்டில் மழை வந்தது. அக்கா மகள் உதடு அசையாமல் எண்ணிவிட்டு, கைக்கு வந்த தக்காளியை எல்லாம் சேர்த்துவைக்கத் தொடங்கினாள். அந்தக் குவியலில் மிச்சம் மூன்று சீட்டு. அதில் மழை இல்லை என்று அவளுக்குத் தெரியும். இப்படி ஆடுவார்கள் என்று விதியை எழுதும்போது எனக்குத் தோன்றவே இல்லை. ஆனால் இதை மாற்றவில்லை. முதுகைப் பார்த்துக் கண்டுபிடித்தது ஓட்டை. எண்ணிக் கண்டுபிடித்தது திறமை.

மாற்றவேண்டியிருந்தது கடை விதி. முதலில் கடை வாங்கியவருக்கு அதிகச் சீட்டு, அதனால் அதிகக் காய், அதனால் இன்னொரு கடை. நான்காவது சுற்றிலேயே யார் ஜெயிப்பார் என்று தெரிந்துவிட்டது. அக்கா மகன் சீட்டைக் கவிழ்த்துவைத்துவிட்டு டிவி பக்கம் போனான். "நல்லா இருந்துச்சா?" என்று கேட்டிருந்தால் "ம்" என்றிருப்பான், எழுந்து போனதுதான் பதில். 2008இல் வந்த 'டொமினியன்' ஆட்டம் இதற்குக் கண்ட வழி குறும்பானது. அதில் வெற்றிப் புள்ளி தரும் சீட்டுகளைக் காசு கொடுத்து வாங்கி உங்கள் கட்டிலேயே சேர்க்கவேண்டும். அவை பெரும்பாலும் கையில் வந்தால் எதற்கும் உதவாது, இடத்தை அடைக்கும். ஜெயிக்க ஜெயிக்கக் கை கனத்துப்போகும். நானும் கடைக்கு வாடகை போட்டேன்.

சோதனை ஆட்டத்தில் உருவாக்கியவருக்கு உள்ள பெரிய கஷ்டம் வாயை மூடிக்கொண்டிருப்பது. பெட்டியை வாங்கிக்கொண்டு போகிறவர் வீட்டுக்கெல்லாம் நாம் போய் விளக்க முடியாது. சீட்டில் எழுதியது மட்டும்தான் பேசும். அதுவும் நாம் நினைத்ததைப் பேசாது. கார்ஃபீல்டின் சோதனைக் கட்டில் எதிராளிக்கு ஒரு முறை ஆடும் வாய்ப்பைப் பறிக்கும் சீட்டு ஒன்று இருந்தது. ஆங்கிலத்தில் இழப்பதற்கும் தோற்பதற்கும் ஒரே வினைச்சொல். ஆடிப் பார்த்த ஒருவர், தன்னிடம் இருக்கும் சீட்டைப் போட்டால் அடுத்த முறையிலேயே வெற்றி நிச்சயம் என்று அடித்துச் சொன்னாராம். அவர் படித்தவரையில் அந்தச் சீட்டு, எதிராளி அடுத்த முறையில் தோற்றுவிடுவார் என்றது. தமிழில் இந்தக் குழி வேறு இடத்தில் இருக்கிறது. 'அடுத்த ஆட்டம் உங்களுக்கு இல்லை' என்று ஒரு சீட்டில் எழுதியிருந்தேன். அம்மா சீட்டைக் கீழே வைத்துவிட்டு, "அப்போ அடுத்த ஆட்டத்துக்கு என்னைச் சேத்துக்க மாட்டீங்களா?" என்றார்.

சேர்மானக் கணிதம் படித்தவர், ஆடிப் பார்க்காமல் கணக்குப் போட்டே எல்லாவற்றையும் கண்டுபிடித்திருக்கலாமே என்று தோன்றும். 1993 ஆகஸ்டில் வெளியான மேஜிக்கின் முதல் பதிப்பில் வெவ்வேறு சீட்டுகள் 290 என்றே வைத்துக்கொள்வோம். இரண்டிரண்டாகச் சேர்த்தால் 41,905 ஜோடி. மும்மூன்றாக என்றால் 40 லட்சத்தைத் தாண்டும். எந்தச் சேர்க்கையில் வெடிமருந்து இருக்கிறது என்று யார் உட்கார்ந்து பார்ப்பது?

ஒன்றை மட்டும் பார்க்கலாம். மேஜிக்கில் இருவருக்கும் தொடக்கத்தில் 20 உயிர்ப் புள்ளி. 'ஃபயர்பால்' சீட்டு, அதில் எவ்வளவு சக்தி ஊற்றுகிறோமோ அவ்வளவு சேதம் செய்யும். 'சேனல்' சீட்டு, நம் உயிரில் ஒரு புள்ளி கொடுத்தால் ஓர் அலகு சக்தி தரும். தனித்தனியே இரண்டும் சாதுதான். கையில் ஒரு மலைச் சீட்டும் 'பிளாக் லோட்டஸ்' சீட்டும் சேர்ந்திருந்தால்? லோட்டஸ் மூன்று அலகு தருகிறது. இரண்டு சேனலைப் போடச் செலவாகும், ஒன்று மிச்சம். மலை தரும் ஓர் அலகில் ஃபயர்பாலைப் போடலாம். நம் உயிரில் 19ஐக் கழற்றிச் சக்தியாக்கினால், மிச்சத்தோடு சேர்த்து 20. எதிராளி ஒரு சீட்டுகூடப் போடாமல் முதல் முறையிலேயே காலி. நமக்கு ஒரே ஒரு புள்ளி உயிர் பாக்கி. வெளிவந்து ஐந்தே மாதத்தில், 1994 ஜனவரியில், சில சீட்டுகளைக் கட்டுக்கு ஒன்றுக்கு மேல் வைக்கக்கூடாது என்று கட்டுப்பாட்டுப் பட்டியல் போடவேண்டி வந்தது.

கணக்குப் போடுகிறவர் திறமை குறைந்தவர் என்பதால் வந்த சிக்கல் அல்ல இது. எந்தக் கணினி நிரல் ஓடி நிற்கும், எது நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும் என்று எல்லா நிரல்களுக்கும் முன்கூட்டிச் சொல்லிவிடும் பொதுவழி கிடையாது என்று ஆலன் டூரிங் 1936இல் நிறுவினார். 2019இல் அலெக்ஸ் சர்ச்சில், ஸ்டெல்லா பைடர்மேன், ஆஸ்டின் ஹெரிக் மூவரும் மேஜிக் சீட்டுகளையே அடுக்கி, ஆட்டத்துக்குள் ஒரு டூரிங் எந்திரத்தை, அதாவது எந்த நிரலையும் ஓட்டிக்காட்டும் கற்பனைக் கணினியை, கட்டலாம் என்று காட்டினார்கள். எல்லாம் போட்டி விதிகளுக்கு உட்பட்ட சீட்டுகள்தான். அந்த நிலை வந்தபின் இரண்டு ஆட்டக்காரர்களும் எதையும் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை. எல்லாம் கட்டாய நகர்வு. எல்லாச் சீட்டும் எல்லார் கண்முன்னும் இருக்கிறது. ஆனாலும் அப்படிப்பட்ட எந்த ஆட்டத்தைக் கொடுத்தாலும் யார் ஜெயிப்பார் என்று சரியாகச் சொல்லிவிடும் நிரலை யாராலும் எழுத முடியாது.

'சந்தை' இப்போது ஐந்தாவது மாதிரியில் இருக்கிறது. எல்லாச் சீட்டும் உறைக்குள் போய்விட்டது, எழுத்தும் மூலைக்கு வந்துவிட்டது. நேற்று கட்டை எண்ணினால் நாற்பத்தொன்று இருந்தது. கூடுதலாக இருந்ததை எடுத்துப் பார்த்தேன். உறைக்குள் அந்தப் பழைய துண்டு. முகப்பில் பாதிப் பிள்ளையார், அவர் தும்பிக்கைக்குக் கீழே ஏழாம் வகுப்புக் கையெழுத்து: 'இதைப் போட்டால் கட்டின் மேல் சீட்டை எட்டிப் பார்க்கலாம். யாரிடமும் சொல்லக்கூடாது.'