தசைக்கு ஒரு சாரம்

திருவனந்தபுரத்திலிருந்து பொன்முடிக்குப் போகும் பாதையில் 22 கொண்டை ஊசி வளைவுகள் தொடங்கும் இடம் கல்லாறு. பெயருக்கேற்ப ஆறு முழுக்க உருண்டைக் கற்கள். விஷக்கடி மூலிகை வைத்தியத்துக்குப் பெயர் பெற்று, 2018-ல் பத்மஸ்ரீ வாங்கிய லட்சுமிக்குட்டி அம்மாவின் ஊர்.

விரியன் கடித்தால் உயிரைக் காப்பது ஆஸ்பத்திரியில் போடும் விஷமுறிவு ஊசி. ஆனால் கடிவாயில் ஏற்கனவே அழுகிவிட்ட தசையை அந்த ஊசியால் மீட்க முடியாது.

தசைக்குத் தன்னைத்தானே பழுதுபார்க்கும் திறன் உண்டு. 1961-ல் அலெக்சாண்டர் மௌரோ எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் கண்ட 'துணைக்கோள் செல்கள்' தசை நாரின் ஓரத்தில் உறங்கிக் கிடக்கின்றன. காயம் பட்டதும் விழித்து, பெருகி, புது நார்களை உண்டாக்குகின்றன. ஆனால் அவை பற்றிப் படர நாரைச் சுற்றிய உறை வேண்டும். விரியன் நஞ்சு உறையையும் நுண்ணிய ரத்தக் குழாய்களையும் சேர்த்தே அரிக்கிறது. லாரி மோதிச் சதை கொத்தாகப் பிய்ந்தாலும் இதே கதைதான். பள்ளத்தை வடு நிரப்புகிறது. வடுவுக்குச் சுருங்கி இழுக்கத் தெரியாது.

உறை போனால் செயற்கையாக ஓர் உறை. இதுதான் விஞ்ஞானிகள் தேடும் வழி. ஆங்கிலத்தில் 'ஸ்காஃபோல்டு' என்கிறார்கள். கலைச்சொல் அகராதியைப் புரட்ட வேண்டாம், கொத்தனார் கட்டும் சாரம்தான். இந்தச் சாரத்தை மட்டும் யாரும் அவிழ்ப்பதில்லை. உடலே மெல்லக் கரைத்துவிடுகிறது.

மலையிறங்கித் தலைநகருக்கு வந்தால், பூஜப்புராவில் ஸ்ரீசித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல் தொழில்நுட்பக் கழகத்தின் ஆய்வுப் பிரிவு. 1990-ல் முதல் நோயாளிக்குப் பொருத்தப்பட்ட சித்ரா இதய வால்வு பிறந்த இடம். இங்கே டி.வி. அனில்குமார் குழுவினர் எடுத்துக்கொண்டது பன்றியின் பித்தப்பையை! செல்களை அகற்றிவிட்டு, எஞ்சிய புரத வலையைச் சாரமாக்கினார்கள். 'கோலிடெர்ம்' என்ற அதற்கு 2023-ல் அரசு அனுமதி கிடைத்தது. ஆனால் அது தோல் புண்களுக்கு. விலங்குச் சோதனைகளில் எலும்புத் தசையிலும் வடு மட்டுப்பட்டது என்பது நம்பிக்கை தரும் செய்தி, அவ்வளவே.

மனிதத் தசையில் முயன்றது அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் ஸ்டீபன் பேடிலாக்கின் குழு. பன்றியின் சிறுநீர்ப்பை வலையை 5 பேருக்கு வைத்ததில் 3 பேர் கணிசமாகத் தேறியதாக 2014-ல் அறிவித்தார்கள். 2016-ல் 13 பேர்; சுமார் ஆறு மாதத்தில் தசை வலு சராசரியாக 37 சதவீதம் கூடியது. முளைத்த புதுத் தசை சொற்பம் என்று குறை சொல்பவர்களும் உண்டு.

அந்த நோயாளிகள் அறுவைக்கு முன்பே வாரக்கணக்கில் உடற்பயிற்சி செய்தவர்கள். அறுவை முடிந்த ஓரிரு நாளில் மறுபடி பயிற்சி. அசைவும் இழுவிசையும் இல்லாவிட்டால் புதுச் செல்களுக்கு எந்தத் திசையில் நீள்வது என்று தெரியாது.

கோலிடெர்மால் 10,000 ரூபாய் சிகிச்சைச் செலவு 2,000 ரூபாயாகக் குறையலாம் என்று 2023-ல் அரசுத் தரப்பு கணக்கிட்டது. தசைக்கும் அப்படி ஒரு சாரம் வரட்டும். கல்லாற்றிலிருந்து ஒரு தோட்டத் தொழிலாளி பயிற்சிக்காக ஆறு மாதம் பஸ் ஏறி இறங்கினால், அவர் இழக்கும் கூலியை யார் கணக்கில் எழுதுவது?