உஷார்! அந்த லிங்க் உங்களுக்கு மட்டும்தான் திறக்கிறது!

பிள்ளைகளே, புரொபோசலை அனுப்பும் முன் கொஞ்சம் பொறுங்கள்! அதில் போட்ட லிங்க் ஒவ்வொன்றும் அடுத்தவர் கையில் திறக்கிறதா? பார்த்தீர்களா? பலர் பார்ப்பதில்லை. அதுதான் எனக்குப் பயம்.

இறக்குவானைப் பக்கத்துத் தோட்டப் பிள்ளை ஒருத்தி. பெயர் வேண்டாம். கூகுள் சம்மர் ஒஃப் கோட் திட்டத்துக்கு விண்ணப்பிக்க இராத்திரி இராத்திரியாகக் கண்விழித்து எழுதினாள். வடிவமைப்பு விளக்கம் முழுவதையும் கூகுள் டொக்ஸில் வைத்துவிட்டு, பிடிஎஃப்பில் லிங்கை மட்டும் கொடுத்தாள். தன் போனில் தட்டிப் பார்த்தாள், திறந்தது. திறக்காமல் என்ன செய்யும்? அவளுடைய கணக்கல்லவா! மதிப்பிட வந்தவருக்குக் கதவு பூட்டு. அனுமதி கேட்டு மெயில் வந்திருக்கிறது. லயத்தில் சிக்னல் இல்லை. மேட்டுக்கு ஏறி அவள் அதைப் பார்த்தபோது காலம் கடந்துவிட்டது.

கடைசித் தேதி போனால் பிடிஎஃப்பை மாற்ற முடியாது!

அவள் தெரிவாகவில்லை. காரணம் அது ஒன்றுதானா என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் அத்தனை உழைப்பையும் ஒருவரும் வாசிக்கவே இல்லையே! அதை நினைத்தால்தான் எனக்கு மனசு ஆறவில்லை.

2005இல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் மொரட்டுவைப் பல்கலைக்கழக மாணவர்கள் உலக அளவில் முன்வரிசையில் நின்றவர்கள். சுனாமிக்குப் பிறகு 'சஹானா' மென்பொருள் பிறந்த நாடு இது. பெலிஹுல்ஓயாவில் படிக்கும் எங்கள் பிள்ளைகளாலும் முடியும். ஒரு லிங்கினால் அது கெடலாமா?

பெரிய கம்பனியின் லிங்க் சாகாது என்று நம்பாதீர்கள். மென்பொருள் நிரல்களை வைக்கும் 'கூகுள் கோட்' தளம் 2016 ஜனவரியில் மூடப்பட்டது. கூகுளின் சுருக்க முகவரிகளில் பாவனையின்றிக் கிடந்தவை 2025 ஆகஸ்டில் நிறுத்தப்பட்டன. 2013இல் இருந்த இணையப் பக்கங்களில் 38 வீதம் பத்து வருடத்தில் காணாமல் போனதாக பியூ ஆய்வு நிலையம் 2024இல் சொன்னது.

எது ஆபத்து? சுருக்கிய முகவரி ஆபத்து. கிட்ஹப்பில் 'மெயின்' கிளையைக் காட்டும் லிங்கும் ஆபத்துத்தான்: நாளைக்கு ஒருவர் அந்தக் கோப்பை இடம் மாற்றினால் உங்கள் லிங்க் 404! கணினியில் கோப்பைத் திறந்து 'ஒய்' விசையைத் தட்டுங்கள். குறிப்பிட்ட கமிட்டின் நிரந்தர முகவரி வரும். அதைப் போடுங்கள். 'லேட்டஸ்ட்' என்று முடியும் ஆவணப் பக்கமும் வேண்டாம். பதிப்பு எண்ணோடு கொடுங்கள். இடையில் உங்கள் கிட்ஹப் பயனர் பெயரை மாற்றவே வேண்டாம். பழைய புரொஃபைல் லிங்க் செத்துவிடும், அந்தப் பெயரை வேறு யாராவது எடுத்துக்கொள்ளவும் கூடும்!

முக்கியமான விளக்கத்தை லிங்கில் ஒளிக்காதீர்கள். பிடிஎஃப்புக்குள்ளேயே எழுதுங்கள். வெளிப்பக்கங்களை வேபேக் மெஷினில் சேமித்து அந்த முகவரியையும் பக்கத்தில் போடுங்கள். பிறகு, உங்கள் கணக்கு இல்லாத போன் ஒன்றை வாங்கி, லிங்க் ஒவ்வொன்றையும் தட்டிப் பாருங்கள். கடைசி நாளில் வேண்டாம். மழை பெய்து கரண்ட் போனால் என்ன செய்வீர்கள்? இரண்டு நாள் முன்னதாகவே பார்த்துவிடுங்கள்.