தறியில் ஒரு கம்ப்யூட்டர் பாடம்

எட்டாவது படிக்கும் என் மகள், "கோடிங் மண்டையில ஏறவே மாட்டேங்குதும்மா" என்று ஒரு நாள் அழாத குறை. நானோ பத்தாவதோடு நின்றவள். என்னத்தைச் சொல்லித் தர?

தறியில் இருந்த அவள் அப்பா, "இங்க வா பாப்பா" என்று கூப்பிட்டு, மேலே ஜக்கார்டு பெட்டியில் சுற்றும் அட்டைகளைக் காட்டினார். ஓட்டை இருந்தால் ஊசி உள்ளே போகும், பாவு இழை தூக்கும். இல்லாவிட்டால் இழை அப்படியே கிடக்கும். அட்டைகள் ஒரு சுற்று வந்தால் ஒரு புட்டா முடிந்து, திரும்ப முதல் அட்டை. "அட, இதுதான்ப்பா லூப்பு!" என்றாள். ஓர் ஓட்டையைத் தப்பாக அடித்துவிட்டால் புட்டா வரும் இடமெல்லாம் அதே தப்புதான். எந்த அட்டை என்று இவர் ஒரு முறை அரை நாள் தேடினார், சாப்பிடக்கூட வரவில்லை!

வீட்டில் தறி இருப்பதைச் சிநேகிதிகளிடம் சொல்லவே கூச்சப்படுகிறவள், மறுநாள் இரண்டு பழைய அட்டைகளைப் பையில் வைத்துக்கொண்டு பள்ளிக்குப் போனாள். ஆசிரியரிடம் கேட்டு வந்து எங்களுக்கே பாடம் நடத்தினாள். பிரான்சில் ஜக்கார்டு என்பவர் 1804-ல் செய்த தறியாம் இது. இந்த அட்டையைப் பார்த்துத்தான் சார்லஸ் பாபேஜ், தன் கணக்கு இயந்திரத்துக்கும் ஓட்டை அட்டை வைக்க 1830-களில் திட்டம் போட்டாராம். அதற்குப் படிப்படியாகக் கணக்கு எழுதி 1843-ல் வெளியிட்டவர் ஏடா லவ்லேஸ் என்ற பெண்மணி. மூன்று பிள்ளைகளுக்குத் தாய்!

கம்ப்யூட்டர் ஆசிரியர்களே, எங்கள் பிள்ளையார்பாளையத்தில் தறிக்கா பஞ்சம்? ஒரு நாள் பிள்ளைகளை அழைத்து வாருங்களேன். காபி நான் போட்டுத் தருகிறேன்.

- ஒரு வாசகி, காஞ்சிபுரம்